வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் நல்லதா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். 2015-இல் வாங்கிய ஹோண்டா அமேஸ் பெட்ரோல் கார், 86,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பள்ளிக்குப் போக ஐந்து கி.மீ., வர ஐந்து கி.மீ. மாதம் ஒருமுறை மதுரையில் அம்மா வீட்டுக்குப் போய்வருவேன். கையேட்டில் 0டபிள்யூ-20 ஆயில் என்று போட்டிருக்கிறது. எங்கள் மெக்கானிக் அண்ணாச்சியோ, ‘அது தண்ணீராக ஓடும். நம் ஊர் வெயிலுக்கும் வண்டியின் வயதுக்கும் 20டபிள்யூ-50 ஊற்றுவோம்’ என்கிறார். கடைக்காரர் 5டபிள்யூ-40 ஃபுல்லி சிந்தெடிக்கை எடுத்து வைக்கிறார். கூடவே ஆயிலில் கலக்கும் மருந்து என்று ஒரு புட்டியையும் நீட்டுகிறார். போன முறை மாற்றிய ஆயில் ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. ஆறு மாதத்தில் அரை லிட்டர் குறைந்தும் போயிருந்தது. நான் எதை ஊற்றுவது? வடித்தெடுத்த பழைய ஆயிலைக் கரையான் வராமல் வீட்டு மரச்சட்டங்களுக்கு அடிக்கலாம் என்கிறார்களே, அது சரியா?

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வணக்கம் டீச்சர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேட்டில் உள்ள 0டபிள்யூ-20-ஐயே வாங்குங்கள். டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கடையில் அது இல்லாமல் அவசரமாக மாற்ற வேண்டியிருந்தால் 5டபிள்யூ-30 ஊற்றலாம். 20டபிள்யூ-50 வேண்டாம். அந்தப் புட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் இதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். காரணத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிற வாதம் அது. ஆனால் சூடேறி ஓடுகிற என்ஜினில் அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிறுத்திவைக்கிறது. ஆயிலும் 90-க்கும் 110-க்கும் இடையில் எங்கோ நிலைகொள்கிறது. வெளியே சித்திரை வெயில் 40 டிகிரி காய்ந்தாலும் ஐப்பசி மழையில் 25 டிகிரிக்கு இறங்கினாலும், ரேடியேட்டரும் அதன் விசிறியும் ஒழுங்காக இருக்கிறவரை, உள்ளே ஏற்படும் வேறுபாடு சிறிதுதான். வெயிலுக்காக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கூலன்ட்டைப் பாருங்கள். ஆயிலின் கெட்டித்தன்மையை மாற்றிப் பயனில்லை.

இன்னொன்று, ‘தண்ணீராக ஓடும்’ என்பது. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒவ்வொரு ஆயிலுக்கும் நிறுவனம் வெளியிடும் தகவல் தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: 40 டிகிரியில் எவ்வளவு, 100 டிகிரியில் எவ்வளவு. 0டபிள்யூ-20 ஆயிலுக்கு அவை ஏறத்தாழ 42, 8. 5டபிள்யூ-30-க்கு 65, 10.5 என்ற அளவில் இருக்கும். 20டபிள்யூ-50-க்கு 160, 18. அறை வெப்பத்தில் தண்ணீரின் அளவு 1. ஆக, 100 டிகிரிக்குச் சூடேறிய பிறகும் 0டபிள்யூ-20 தண்ணீரைவிட எட்டு மடங்கு கெட்டியாகவே இருக்கிறது. உங்கள் என்ஜினை வடிவமைத்தவர்கள் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் இடைவெளியைக் கணக்கிட்டது இந்த எட்டை வைத்துத்தான்.

அந்த எண்களை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். காலை ஏழரை மணிக்கு நீங்கள் சாவியைத் திருப்பும்போது ஆயில் 28 டிகிரியில் இருக்கிறது. நமக்கு அது வெதுவெதுப்பு. 100 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய ஆயிலுக்கு அது குளிர். எந்த ஆயிலும் அப்போது தன் வேலை நிலையைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். 20டபிள்யூ-50 என்றால் 200 சென்டிஸ்டோக்ஸைத் தாண்டியிருக்கும். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பிலிருந்து பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஏற்ற வேண்டியது அதைத்தான். பனியே பெய்யாத ஊரிலும் மெல்லிய ஆயிலுக்கு வேலை இருப்பது இதனால்தான்.

டப்பாவில் உள்ள இரண்டு எண்களும் எஸ்ஏஇ ஜே300 என்ற தரப்பட்டியலிலிருந்து வருகின்றன. டபிள்யூவோடு வரும் எண் குளிர்காலச் சோதனைக்கானது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் 5டபிள்யூவை மைனஸ் 30-இலும் 20டபிள்யூவை மைனஸ் 15-இலும் சோதித்துப் பார்க்கிறார்கள். நெல்லைக்கும் மைனஸ் 35-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எனவே 0டபிள்யூவா 5டபிள்யூவா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு முக்கியம் இரண்டாவது எண். 100 டிகிரியில் ஆயில் எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது: 20 என்றால் 6.9 முதல் 9.3 வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் அதற்கும் மேலே 21.9 வரை. 20-இலிருந்து 30-க்குப் போவது பக்கத்து வீட்டுக்குப் போவது. 50-க்குப் போவது ஊரையே மாற்றுவது.

சரி, கெட்டியாக ஊற்றினால் என்னதான் ஆகும்? நாளைக்கே என்ஜின் பிடித்துக்கொள்ளாது. அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் நீடிக்கிறது. ஆயில் பம்ப்பில் ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஆயிலை மறுபடி சம்ப் பக்கமே திருப்பிவிடும். கெட்டி ஆயில் ஊற்றிய என்ஜினில் அழுத்தம் நன்றாக ஏறும், ஆனால் அதில் ஒரு பங்கு பேரிங்குக்குப் போகாமலே திரும்பிவிடும். மீட்டரைப் பார்த்து ‘பிரஷர் அருமை’ என்று சொல்லலாம். பேரிங்குக்குத் தேவை ஓட்டம். அதோடு, பேரிங்கில் ஆயில் வெறும் வழுவழுப்புக்காக மட்டும் இல்லை, வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதும் அதுதான். பெட்ரோல் செலவு சற்றுக் கூடும் என்பது தனிக் கணக்கு.

உங்கள் அமேஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐ-விடெக் என்று பின்னால் எழுதியிருக்கிறதே, அந்த ஏற்பாட்டில் வால்வின் இயக்கத்தை மாற்றும் சிறு பின்களைத் தள்ளுவது ஆயில் அழுத்தமே. ஆயிலுக்கு வழி திறந்துவிட ஒரு சொலினாய்டு வால்வு இருக்கிறது. அதன் அடியில் விரல் நகமளவு ஒரு சல்லடை. அந்தச் சல்லடையை ஒருமுறை கழற்றிப் பார்த்தவர் அங்கே கண்ட ஆயிலை ஊற்ற மாட்டார். தள்ளிப்போட்டுப் பசையான ஆயிலும் தவறான கெட்டியும் சேர்ந்தால் முதலில் முரண்டுபிடிக்கிற இடம் அதுதான். கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதே.

அண்ணாச்சியைக் குறை சொல்லவில்லை. அவர் தொழில் கற்ற காலத்து என்ஜின்கள் வேறு. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரும், பத்மினியும், பழைய ஜீப்புகளும் கெட்டி ஆயிலுக்குப் பழகியவை. அவற்றில் இடைவெளிகள் பெரியவை, வழிகள் அகலமானவை, ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்கும் நுண்ணிய பாகங்களும் இல்லை. கெட்டி ஆயில் ஊற்றியதும் டப்பெட் சத்தம் அடங்கும், புகை குறையும், வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். அந்த அனுபவம் பொய்யில்லை. அதை ஐ-விடெக் என்ஜினுக்குக் கொண்டுவருவதுதான் பொருந்தவில்லை.

அவர் பக்கத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது, அதை மறைப்பது முறையில்லை. உலகம் முழுக்கக் கார் நிறுவனங்கள் 20-ஐ நோக்கி நகர்ந்ததற்கு எரிபொருள் சிக்கன விதிகள் பெரிய காரணம். இந்தியாவிலும் கஃபே என்ற சிக்கன நெறிமுறை 2017-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மெல்லிய ஆயிலில் பாகங்களுக்கு இடையே நிற்கும் படலம் மெலிது என்பதும் உண்மை. 150 டிகிரியில் கசக்கிப் பார்க்கும் சோதனையில் கெட்டித்தன்மை, வேறோர் அலகில், 20-க்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5 என்று வைத்திருக்கிறார்கள். வருடம் முழுக்க நாற்கரச் சாலையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு 110-இல் விரட்டுகிறவர் என்னிடம் 5டபிள்யூ-30 ஊற்றலாமா என்று கேட்டால் மறுக்க மாட்டேன். ஒரே என்ஜினுக்கு வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று கிரேடுகளை அட்டவணையாகப் போடும் கையேடுகளும் உண்டு. நீங்கள் ஓட்டுவது பள்ளிக்கு. உங்களுக்கு 0டபிள்யூ-20 போதும், அதுவே பொருத்தம். கடைக்காரரின் 5டபிள்யூ-40 கெட்ட ஆயில் இல்லை. உங்கள் வண்டி கேட்காத ஆயில், அவ்வளவுதான். அதில் அவருக்கு லாபம் எவ்வளவு என்று நான் ஆராயப் போவதில்லை.

இனி டப்பாவைக் கையில் எடுங்கள். பின்பக்கம் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். அதன் நடுவில் 0டபிள்யூ-20 என்ற கிரேடு, மேல் வளைவில் ஏபிஐ தரம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது: எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020, எஸ்கியூ 2025. பெட்ரோல் வண்டிக்குப் புதியது பழையதன் இடத்தில் தாராளமாகப் பொருந்தும். எஸ்பி தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்று தனிச் சோதனை சேர்த்தார்கள். செயின் வைத்த உங்கள் என்ஜினுக்கு அது நல்லது. எந்தப் பிராண்ட் என்று கேட்டிருக்கிறீர்களா என்று மறுபடி பார்த்தேன், கேட்கவில்லை. நல்லது. சர்வோ, மாக், காஸ்ட்ரால், ஷெல், மொபில், ஹோண்டாவின் சொந்த ஆயில் எதுவாக இருந்தாலும் கிரேடும் முத்திரையும் சரியாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் போலியில்தான். காலி டப்பாவை விலைக்கு வாங்கி, வடிகட்டிய பழைய ஆயிலை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். மூடியின் சீல் வளையம் முழுதாக இருக்கிறதா, மூடிக்கு அடியில் உள்ள தகடு உரிக்கப்படாமல் இருக்கிறதா, டப்பாவில் அச்சிட்ட பேட்ச் எண் அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ பெட்ரோல் பங்கிலோ பில்லோடு வாங்குங்கள். ஆயிலை ஊற்றியதும் காலி டப்பாவை வெட்டிப் போடச் சொல்லுங்கள். அண்ணாச்சி முறைத்தாலும் பரவாயில்லை.

ஃபுல்லி சிந்தெடிக் என்ற சொல்லுக்கு நீங்கள் தனியாகப் பணம் கொடுக்க யோசிக்க வேண்டியதில்லை. 0டபிள்யூ-20 என்ற கிரேடைச் சாதாரண மினரல் ஆயிலில் செய்வதே கடினம் என்பதால் கடையில் உள்ளவை பெரும்பாலும் சிந்தெடிக்தான். அந்தச் சொல்லின் எல்லை எது என்பதிலேயே பெரிய வழக்காடல் நடந்திருக்கிறது. கச்சா எண்ணெயை மிகையாகச் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3 எண்ணெயைச் சிந்தெடிக் என்று காஸ்ட்ரால் விற்றதை மொபில் எதிர்த்தது. 1999-இல் அமெரிக்க விளம்பர மேற்பார்வை அமைப்பு காஸ்ட்ராலின் பக்கம் முடிவு சொன்னது. அன்றிலிருந்து அந்தப் பெயர் தளர்ந்துவிட்டது. உங்களைப் பொறுத்தவரை கிரேடும் ஏபிஐ எழுத்தும் சொல்வதைவிட அது அதிகம் சொல்லிவிடாது.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட விஷயம்: ஐந்து கி.மீ. அந்தத் தூரத்தில் கூலன்ட் சூடேறிவிடும், ஆயில் முழுதாகச் சூடேறாது. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலின் சிறு பங்கும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கின்றன. ஆயில் 100 டிகிரியை நெருங்கி அரை மணி நேரமாவது இருந்தால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தும்போது அது நடந்திருக்காது. குறைவாக ஓடுகிற வண்டிக்கு ஆயில் கெடாது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. இப்படி ஓடுகிற வண்டியில்தான் ஆயில் சீக்கிரம் கெடுகிறது. உங்களைக் காப்பாற்றுவது மாதாந்திர மதுரைப் பயணம். நீங்கள் சொன்ன கணக்கில் ஆண்டுக்கு 6,000 கி.மீ. அளவுக்குத்தான் வருகிறது. 10,000 ஆகட்டும் என்று காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். ஏதோ காரணத்தால் மதுரைக்குப் போவது நின்றுபோனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றுவிட்டு ஒருமுறை என்கிற சிக்கனம் வேண்டாம்.

ஆயில் கறுப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். கரியையும் கசடையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு சுமக்கும் பொருட்களை ஆயிலில் சேர்த்தே தயாரிக்கிறார்கள். கறுப்பது அவை வேலை செய்வதன் விளைவு. டீசல் வண்டியில் ஒரே நாளில் கறுக்கும். பயப்பட வேண்டிய நிறம் வேறு: டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளிர் பழுப்பாக நுரைத்திருந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால் கூலன்ட் கலக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்பசை தெரிந்தால் அது குறுந்தூர ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். மதுரை போய்வந்ததும் மறைகிறதா பாருங்கள்.

அரை லிட்டர் குறைந்தது பற்றி. ஆறு மாதத்தில் 3,000 கி.மீ. ஓடியிருக்கும். அந்தத் தூரத்துக்கு அரை லிட்டர் என்பது கண்காணிக்க வேண்டிய அளவுதான், கவலைப்பட வேண்டிய அளவில்லை. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர்வரை இயல்பு என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. முதலில் சரியாக அளக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, அடிவரை செருகி மறுபடி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை உருவியதைப் படிக்காதீர்கள், அதில் குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயிலும் சேர்ந்திருக்கும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி நிரப்பினாலும் கேடுதான். கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் ஒழுங்காகத் தள்ளாது.

அளவு குறைந்துகொண்டே போனால் புகையைப் பாருங்கள். காலையில் கிளப்பியதும் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றால் வால்வ் ஸ்டெம் சீல்மீது சந்தேகம். வேகமெடுக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங். புகையே இல்லை, நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறது என்றால் கசிவு. வால்வ் கவர் பேக்கிங்கோ வடிகால் போல்ட்டின் வாஷரோ. என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் ஆயில் குறையும், அது சில நூறு ரூபாய்ப் பொருள். கெட்டி ஆயில் ஊற்றினால் இவற்றில் எதுவும் சரியாகாது. கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கும்.

அந்தப் புட்டி: தேவையான சேர்மானங்கள் ஆயிலிலேயே அளவோடு இருக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் கூடினால் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குக் கேடு என்பதால் இந்த வகை ஆயில்களில் பாஸ்பரசுக்கு உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஊற்றுவது அந்தக் கணக்கைக் குலைக்கும். இப்படிப்பட்ட சேர்மானங்களில் பெரும் விளம்பரத்தோடு விற்ற ஸ்லிக் 50-இன் தேய்மானத் தடுப்புக் கூற்றுகளுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 1997-இல் சமரசத்துக்குக் கொண்டுவந்தது.

மாற்றும் நாளில் ஒரு பத்து நிமிடம் பட்டறையில் நில்லுங்கள். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்கட்டும். போல்ட்டுக்குப் புது வாஷர் போடட்டும். டப்பாவில் மீதமிருப்பதை வீட்டுக்கு எடுத்துவந்து, இடையில் குறைந்தால் நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து இயங்குகிறது. சிக்கனத்துக்காக உராய்வு குறைத்த கார் ஆயிலில் அது வழுக்கும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்று போட்ட ஆயில் தனியாக இருக்கிறது.

கடைசியாகக் கரையான். பழைய ஆயிலைச் சட்டங்களுக்கு அடிப்பதும், சென்ட்ரிங் பலகைகளுக்குத் தடவுவதும் நம் ஊரில் வெகுகால வழக்கம். வேண்டாம் டீச்சர். ஓடிய ஆயிலில் புற்றுநோயோடு தொடர்புள்ள பல வளைய ஹைட்ரோகார்பன்களும் தேய்ந்த உலோகத் துகள்களும் இருக்கின்றன. கை படுகிற கதவிலும் ஜன்னலிலும் அது நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், தீயும் எளிதில் பிடிக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடங்கும். பட்டறையிலேயே பீப்பாயில் விட்டுவிடுங்கள். சாக்கடையில் ஊற்றாமல், பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் போகிறதா என்று அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கரையானுக்கு மருந்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.